டிரெய்லர் தலைக்குத் தொட்டி கட்டியவர்

ராயபுரத்தில் அருள்பிரகாசம் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். ரிவர்ஸ் அருள்பிரகாசம் என்று விசாரித்தால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் கம்பெனிக்கு டிரெய்லர் லாரி ஓட்டியவர். நீளமான டிரெய்லரைக் குறுகலான கிடங்குச் சந்துக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோய், சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் விட்டு நிறுத்துவார். நிறுத்திவிட்டு இறங்கி, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பார். யாரும் பார்க்கவில்லை என்றால் வண்டியை வெளியே எடுத்து மறுபடியும் ஒருமுறை விடுவார் என்று அவரைப் பிடிக்காதவர்கள் சொல்வார்கள். பிடித்தவர்களும் அதை மறுத்ததில்லை.

அவர் ஓட்டிய வண்டி உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் பட்டாளத்தோடு வந்தது. பட்டாளம் கப்பலேறிப் போன பிறகும் அது மெட்ராஸிலேயே தங்கிவிட்டது. முன்னால் என்ஜின், டிரைவர் உட்காரும் கூண்டு, பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொள்ள ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். டிரெய்லரைக் கழற்றிவிட்டால் உடம்பில்லாத தலை ஒன்று ரோட்டில் ஓடுவது போலிருக்கும். ஸ்டியரிங் வேறு இடது பக்கம். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காக நெல் வயல்களை மேடாக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் கம்பெனி புது வண்டிகள் வாங்கியது. பழைய தலையை ஏலம் போட்டார்கள். அதே மாதத்தில் அருள்பிரகாசத்தையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருவருக்கும் ஒரே காரணம்தான் சொன்னார்கள், வயதாகிவிட்டது என்று. அவருக்கு மாலை போட்டார்கள், வண்டிக்குப் போடவில்லை. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவரே வண்டிக்குப் போட்டுவிட்டு, கையில் வந்த செட்டில்மென்ட் பணத்தோடு நேரே ஏலத்துக்குப் போனார்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. அவர் மனைவி பிலோமி காசிமேட்டில் கருவாடு விற்பவள். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள் என்பதால், வீட்டுக்குள் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவில் கேட்கும்.

"இன்னாய்யா இது? தலய மட்டும் இஸ்த்துகினு வந்துகீறே. ஒடம்பு எங்க?"

"ஒடம்ப நாம கட்டிக்கலாம்மே. கடலாண்ட கல்லு கொட்டப் போறாங்கோ. டிப்பர் வெச்சிக்கினு கீறவன்தான் இனிமே ராஜா."

"கூரைய மாத்தணும்னு சொன்னா, நீ லாரிய மாத்திக்கினு வந்துகீறே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அன்று சோறு கிடைத்தது. குழம்பு கிடைக்கவில்லை.

கடல் விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரையை அலை அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் கடல் ஒரு வரிசை வீடுகளை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தை மாதமும் அரசாங்கம் ஒரு கமிட்டி போடும். கமிட்டி வந்து கடலைப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டு, கடல் இருப்பது உண்மைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். கடைசியில் ஒரு கமிட்டிக்கு உட்கார இடமில்லாமல் போனபோதுதான் பல்லாவரத்திலிருந்து பாறாங்கல் கொண்டுவந்து கரையோரம் கொட்டுவது என்று முடிவாயிற்று. அந்தக் கான்ட்ராக்ட் குமாரவேலுக்குக் கிடைத்தது. அவர் அதுவரை கல்யாணப் பந்தல் போடுபவராக இருந்தார். கம்பு நடத் தெரிந்தவருக்குக் கல் போடத் தெரியாதா என்று மேலிடத்தில் நினைத்திருக்கலாம்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் அமீருதீனுக்கு ஒரு பட்டறை இருந்தது. உடைத்த கப்பல்களின் இரும்பை வாங்கி, அதில் எதையும் எதுவாகவும் ஆக்கக்கூடியவர். அருள்பிரகாசத்தின் தலையை மூன்று சுற்று சுற்றி வந்து பார்த்தார். வட்டத் தட்டைக் கழற்றிவிட்டு, சேசிஸுக்கு இரும்புச் சட்டம் ஒட்டுப்போட்டு நீட்டி, கப்பல் தகட்டில் தொட்டி கட்டி, கப்பலில் சரக்கறை மூடியைத் தூக்கிக்கொண்டிருந்த ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றை அடியில் வைத்துவிடலாம் என்றார். தகராறு வந்தது நீளத்தில்தான்.

"நைனா, நான் சொல்றத கேளு. தொட்டி பின்சக்கரத்து மேல குந்தணும். அத்தத் தாண்டி வாலு நீண்டுகினு போச்சின்னா, கல்லு வாலாண்ட மாட்டிக்கும்போது வண்டி மூஞ்சியத் தூக்கிரும்."

"குட்டையா கட்னா கய்தகுட்டி மாதிரி கீது பாய். ராயபுரத்துல என்னிய எத்தினி பேருக்கு தெரியும்! பின்னால ஷோக்கா நீண்டுகினு இருக்கணும்."

"ஷோக்குக்கும் கல்லுக்கும் தோஸ்து கெடையாது நைனா."

"நீ கட்டு பாய். மூஞ்சி தூக்குனா நான் பாத்துக்கறேன்."

வாடிக்கையாளரின் பிடிவாதத்துக்குத் தனிக் கூலி கிடையாது என்பதால் அமீருதீன் பெருமூச்சு விட்டுவிட்டு வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொட்டி எழும்பியது. அருள்பிரகாசம் தினமும் பட்டறைக்கு வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேலை நடக்காமல் பார்த்துக்கொண்டார். வண்டிக்கு நல்ல கரும்பச்சைப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். வெறும் தொட்டியை ஜாக்கி வெண்ணெய் போலத் தூக்கிக் காட்டிய அன்று அவர் கண் கலங்கியது. புகை பட்டுவிட்டது என்றார்.

அடுத்து வண்டியின் காகிதங்களை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான ஆபீஸில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா பழைய பத்திரத்தை எடுத்துப் படித்தார். அதில் அமெரிக்கக்காரன் வழக்கப்படி 'டிராக்டர்' என்று போட்டிருந்தது.

"எத்தனை ஏக்கர்?" என்றார் குமாஸ்தா.

"இன்னா ஏக்கரு சார்?"

"டிராக்டர் வெச்சிருக்கீங்களே. நிலம் எத்தனை ஏக்கர்?"

"சார், இது டிரெய்லரு இஸ்க்கிற டிராக்டரு. உயுற டிராக்டரு இல்ல."

"சர்க்காருக்கு ஒரே டிராக்டர்தான். அதை லாரியா மாத்தணும்னா, நீங்க உழறதை நிறுத்திட்டதா சர்டிபிகேட் வேணும்."

"நான் உயவே இல்லியே சார்."

"அப்போ உழவே இல்லைன்னு சர்டிபிகேட் வேணும். கிராமக் கர்ணம் கையெழுத்துப் போடணும்."

ராயபுரத்தில் கர்ணத்துக்கு எங்கே போவது? பஸ் பிடித்து மணலிக்குப் போனார். அங்கே கர்ணம், கம்பெனிகள் எடுத்துக்கொண்ட வயல்களில் இனி விவசாயம் கிடையாது என்று காலையிலிருந்து எழுதிக் கொடுத்தபடி இருந்தார். வரிசையில் இன்னொருவர் வந்து நின்றபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'மேற்படியார் எமது கிராமத்தில் எக்காலத்திலும் ஏர் பூட்டியவர் அல்லர்' என்று எழுதி முத்திரை குத்தினார். அந்த ஒரு வரியால் டிராக்டர் லாரியாகிவிட்டது. அதே வேலைக்கு அமீருதீனுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டிருந்தது.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் நாளில் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் கூடினார்கள். ரிவர்ஸ் அருள்பிரகாசம் ரிவர்ஸ் எடுக்கப்போகிறார் அல்லவா? அவரும் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். கியரைப் போட்டார். வண்டி பின்னால் வந்தது. வாசலை நோக்கி வரவேண்டியது, பக்கத்து டீக்கடையை நோக்கி வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து ஓடினார்கள். பெஞ்சு ஓட முடியாமல் நசுங்கியது.

விஷயம் இதுதான். டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் இடது பக்கம் போகும். தலையும் தொட்டியும் ஒன்றாக ஒட்டிய லாரியில் அப்படியில்லை. ஒடித்த பக்கமே போகும். ஒரு ஆயுள் முழுக்கத் தலைகீழாகவே ஒடித்துப் பழகிய கைகள் அவை. மூளை சொன்னதைக் கேட்க அவற்றுக்கு இஷ்டமில்லை. இரண்டாவது முறை தண்ணீர் டிரம் போயிற்று. மூன்றாவது முறை அமீருதீனே கும்பிட்டுக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

"ஸ்டியரிங்கு இந்தப் பக்கம் வெச்சவன் புத்தியச் சொல்லணும்" என்று அருள்பிரகாசம் அமெரிக்காவைத் திட்டினார்.

சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த பிலோமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "லெப்ட்டுல ஒடி" என்று கத்தினாள். வண்டி ரைட்டில் போயிற்று. "ரைட்டு" என்றாள். லெப்டில் போயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்தானே? உப்பு வாங்கி வா என்றால் புளி வாங்கி வருகிறவர். அதற்கப்புறம் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். வண்டி பூப்போல வாசலைத் தாண்டி ரோட்டில் போய் நின்றது. பட்டறைக்காரர்கள் கை தட்டினார்கள். அருள்பிரகாசம் இறங்கி வந்து, "பாத்தியா, கை வந்துருச்சி" என்றார். பிலோமி கூடையிலிருந்து சோற்றை எடுத்து வைத்தாள்.

கல் கொட்டும் வேலைக்குத் தொடக்க விழா வைத்தார்கள். கடற்கரையில் மேடை, தோரணம், ஒலிபெருக்கி. பந்தல் மட்டும் மிகச் சிறப்பாக இருந்தது. அதுதானே குமாரவேலுக்குத் தெரிந்த தொழில்! மேலிடத்திலிருந்து ஒரு பிரமுகர் வந்திருந்தார். முதல் லோடை அருள்பிரகாசத்தின் வண்டி கொட்டுவதாக ஏற்பாடு. இருந்ததிலேயே நீளமான வண்டி அதுதான் என்பதால் குமாரவேலுக்கு அதன்மேல் ஒரு கண். தொட்டியைத் தூக்கும் லீவரைத் தானே இழுக்கவேண்டும் என்று மாலையும் கழுத்துமாகக் கூண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பின்னால் பிலோமி நிற்பதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இன்னா அருளு, பொம்பள வயி சொல்லி லாரி வருதுன்னு நாளைக்கி பேப்பர்ல போட்டான்னா, என் மானம் கப்பலேறிடும். எத்திராஜு! விசில எடுத்துக்கினு பின்னால போ."

எத்திராஜ் குமாரவேலின் ஆள். கூட்டங்களில் நாற்காலி போடுபவன். விசிலை ஊதி, "லெப்ட்டு அண்ணே லெப்ட்டு" என்று சரியாகத்தான் சொன்னான். வண்டி மேடையை நோக்கிப் புறப்பட்டது. அவன் இன்னும் பலமாக ஊதினான். வண்டி இன்னும் வேகமாக மேடைக்குப் போயிற்று. அசந்துகொண்டிருந்த பிரமுகர் கண்ணைத் திறந்தபோது, ஒரு வண்டிக் கல் தன்னைப் பார்த்து வருவதைக் கண்டார். பொன்னாடையை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யோவ்! ரைட்டு ஒடி! ரைட்டு!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஒலிபெருக்கி தோற்றது. வண்டி மேடைக் கம்பை உரசிக்கொண்டு திரும்பி, கரை விளிம்பில் போய்க் கச்சிதமாக நின்றது. குமாரவேல் ஒரு கையால் கும்பிட்டபடியே மறுகையால் லீவரை இழுத்தார்.

தொட்டி எழுந்தது. கற்கள் உருண்டு வாலுக்கு வந்தன. வந்தவை பின்கதவில் குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, வண்டியின் முன்பக்கம் தரையை விட்டுக் கிளம்பியது. முன்சக்கரங்கள் ஆள் உயரத்துக்குப் போயின. அதற்கு மேலே கூண்டு. கூண்டுக்குள் மாலையோடு குமாரவேல். பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அருள்பிரகாசம். இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதுதான் என்று யாரோ நினைத்துக் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். கைதட்டலைக் கேட்டதும் குமாரவேலுக்குப் பழக்கதோஷத்தில் கை தானாக வெளியே வந்து ஆடியது.

"எறங்கிடுமா அருளு?" என்றார் சிரித்த முகத்தோடு, பல்லிடுக்கில்.

"எறங்கும் தலைவரே. ஆனாக்கா எப்பன்னு தெரியாது."

கல் நழுவிக் கொட்டியபோது வண்டி டமார் என்று கீழே வந்தது. குமாரவேலுக்கு ஒரு வாரம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடு திரும்பினார். அது ஒரு கம்பீரம் என்று அவர் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். வெளிநாட்டு யந்திரத் திறனைக் கண்டு வியந்ததாகப் பிரமுகர் பேசிவிட்டுப் போனார். அடுத்த மாதமே இரண்டு கான்ட்ராக்டர்கள் அமீருதீனின் பட்டறைக்கு வந்து, முன்பக்கம் தூக்குகிற மாதிரி டிப்பர் வேண்டும், எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். அவர் அவர்களை டீக்கடைப் புது பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

விழா நாளிலிருந்து பிலோமிதான் வண்டிக்குக் கிளீனர். கருவாட்டுக் கூடையைத் தங்கை ஆலிஸிடம் ஒப்படைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பல்லாவரத்துக்கும் ராயபுரத்துக்கும் போய் வந்தாள். கல் மாட்டிக்கொண்டால் கடப்பாரையால் நெம்புவாள். முன்பக்கம் எழும்பும்போது பம்பரில் ஏறி உட்கார்ந்து எடை கொடுப்பாள். மற்ற லாரிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, தங்கள் வண்டிக்கும் கொஞ்சம் வழி சொல்லச் சொன்னார்கள். அவர்களுக்கு நேராகச் சொல்லவேண்டும், புருஷனுக்கு மாற்றிச் சொல்லவேண்டும். அவள் குழம்பியதே இல்லை. எல்லாம் தன் கைவண்ணம் என்றுதான் அருள்பிரகாசம் கடைசிவரை நம்பினார்.

ஒரு நாள் குமாரவேல் அவரைத் தனியே கூப்பிட்டார். கழுத்து சரியாகியிருந்தது.

"அருளு, பாதி லோடு போட்டா போதும். கடலு இன்னா எண்ணிக்கினா கீது?"

"மத்தவன்லாம் போட்டுக்கட்டும் தலைவரே. என் வண்டி பாதித் தொட்டியோட ராயபுரத்துக்குள்ள வந்தா எனக்கு அசிங்கம்."

இதில் நாட்டுப்பற்று எதையும் தேடவேண்டாம். தொட்டிக்கு மேலே கல் கோபுரம் போல் தெரிந்தால்தான் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் காரணம். ஆனால் அதன் பலனாக, அவர் கல் கொட்டிய இடம், அதாவது அவர் தெருவுக்கு நேரே இருந்த கரை மட்டும் கெட்டியாக எழும்பியது. மற்ற இடங்களில் கற்களுக்கு நடுவே நண்டுகள் கூட்டுக் குடும்பமாக வசித்தன.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று. மூன்றாவது ஐப்பசியில் புயல் வந்தது. பக்கத்துக் குப்பத்துக்கு நேரே கரை விட்டுக்கொடுத்ததாகப் பகலிலேயே ஆள் வந்து கூப்பிட்டான். எல்லா லாரிகளையும் அங்கே போகச் சொன்னார் குமாரவேல். மழையில் கண் தெரியவில்லை. பிலோமி பின்னால் நின்று கத்த, அருள்பிரகாசம் விளிம்புக்கு வண்டியைக் கொண்டுவந்தார். அங்கே அடியில் இருந்தவை எல்லாம் பாதி லோடு கற்கள். அவருடைய முழு லோடு வண்டி மேலே ஏறியதும் அவை உள்ளே அமிழ்ந்தன. பின்சக்கரம் இறங்கியது. வண்டி மூஞ்சியைத் தூக்கியது. இந்தமுறை கை தட்ட யாரும் இல்லை.

அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டியை விட்டு இறங்கும் எண்ணம் அவருக்கு வரவில்லை. பிலோமி கத்துவதை நிறுத்திவிட்டு, சரிந்துகொண்டிருந்த கற்களின்மேல் ஏறி வந்து, கதவைத் திறந்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். காலர் கையோடு வந்துவிட்டது. மறுபடி கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். அடுத்த அலையில் வண்டி பின்பக்கமாகவே கல்லுக்குள் இறங்கி, கூண்டும் பம்பரும் மட்டும் வெளியே தெரிய, சாய்ந்து நின்றுவிட்டது.

"போச்சுமே" என்றார் அவர், மழையில்.

"நீ கீறே இல்ல" என்றாள் அவள். அவள் முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்ததை அவர்தான் முதலில் பார்த்தார். கிழிந்த காலரால் கட்டிவிட்டார்.

புயல் ஓய்ந்ததும் பொதுப்பணி இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பொது இடத்தில் வாகனத்தை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. பிறகு ஒரு இன்ஜினீயர் வந்து, அந்த இடத்தில் மட்டும் கடல் ஒரு அடிகூட உள்ளே வராததைப் பார்த்தார். வண்டியை எடுத்தால் கரை போய்விடும் என்று எழுதினார். லாரி தடுப்புச் சுவரின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. குமாரவேல் அதையும் தான் கொட்டிய கல் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நியாயம் கேட்கப் போன அருள்பிரகாசத்திடம், "அது இப்போ கவர்மென்ட் சொவுரு அருளு. கிட்டப் போயி நின்னின்னா கேஸு" என்று அன்போடு எச்சரித்தார். அடுத்த வருஷத்துக் கான்ட்ராக்ட்டும் அவருக்கே கிடைத்தது.

அருள்பிரகாசம் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தார். மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகவில்லை. பிறகு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிரெய்லர் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று அமீருதீன் வந்து சொன்னார். வயதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிச் சேர்ந்துகொண்டார். பிலோமி கருவாட்டுக்குத் திரும்பினாள். கூரை மட்டும் அப்படியே இருந்தது.

கல்லுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த பம்பருக்கு இலாகாக்காரர்கள் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, கறுப்பில் சுவருக்கு ஒரு நம்பர் எழுதினார்கள். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அருள்பிரகாசத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு, ஒரு டப்பா கரும்பச்சைப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். பம்பரைச் சுரண்டிப் பச்சை அடித்தார். சில மாதம் கழித்து இலாகாக்காரர்கள் வந்து வெள்ளை அடித்தார்கள். அவர் மறுபடி போனார். கூடவே வந்த பிலோமி கல்லின்மேல் உட்கார்ந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டு, அங்கே விட்டுப்போச்சு இங்கே விட்டுப்போச்சு என்று கடற்கரை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.